மால்குடி: வரைபடத்தில் இல்லாத ஊர்

தென்னிந்தியாவில் சரயு என்னும் ஆற்றின் கரையில் மால்குடி என்றோர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு சிறிய இரயில் நிலையம், ஒரு சந்தைச் சாலை, ஒரு நகராண்மைக் கழகம், ஆல்பர்ட் மிஷன் பள்ளி ஆகியவை உள்ளன. ஊருக்கு அப்பால் மெம்பி மலைகளும் அவற்றைச் சூழ்ந்த காடும் தெரியும். அறுபது ஆண்டுக் காலமாக அங்கே மனிதர்கள் பிறந்து, படித்து, கடை வைத்து, கடன் வாங்கி, தேர்தலில் நின்று வாழ்ந்திருக்கிறார்கள். ஆயினும், பயணச்சீட்டு வாங்கி அவ்வூருக்குச் சென்று இறங்கியவர் எவரும் இலர். மால்குடி, ஆர். கே. நாராயண் என்ற எழுத்தாளர் தம் கற்பனையில் கட்டிய ஊராகும்.

நாராயண் 1906ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். அவருடைய பெயரின் முதலெழுத்தில் உள்ள 'ஆர்', அவர் குடும்பத்தின் பூர்வீக ஊரான இராசிபுரத்தைக் குறிக்கும். சிறு வயதில் புரசைவாக்கத்தில் பாட்டியின் வீட்டில் வளர்ந்தார். தந்தையார் மைசூரில் தலைமையாசிரியராகப் பணியாற்றியதால் பின்னர் அந்நகருக்குச் சென்றார். வீட்டில் தமிழும் வெளியே கன்னடமும் கேட்டு வளர்ந்த அவர், தம் கதைகளை ஆங்கிலத்தில் எழுதினார். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலப் பாடத்திலேயே அவர் ஒருமுறை தேர்ச்சி பெறவில்லை என்பது வேடிக்கையான உண்மை.

மால்குடி பிறந்த கதையை நாராயணே தம் வாழ்க்கை வரலாற்று நூலில் கூறியிருக்கிறார். 1930ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அவர் பெங்களூரில் பாட்டியுடன் தங்கியிருந்தார். பாட்டி பார்த்துச் சொன்ன நல்ல நாளில் ஒரு குறிப்பேட்டை வாங்கிக்கொண்டு எழுத அமர்ந்தார். என்ன எழுதுவது என்று அப்போது அவருக்கே தெரியவில்லை. முதலில் மனக்கண்ணில் தோன்றியது ஓர் இரயில் நிலையம். அதன் பெயர் மால்குடி. அங்கே சுவாமிநாதன் என்ற சிறுவன் தென்பட்டான். ஊரும் சிறுவனும் இவ்வாறு ஒன்றாகப் பிறந்தனர். அந்தக் குறிப்பேட்டில் தொடங்கிய நாவல் 'சுவாமியும் நண்பர்களும்'. இலண்டனில் பல பதிப்பகங்கள் அதனைத் திருப்பி அனுப்பின. இறுதியில் ஆங்கில எழுத்தாளர் கிரகாம் கிரீன் கையெழுத்துப் படியைப் படித்துப் பரிந்துரைத்ததால், 1935இல் அது நூலாக வெளிவந்தது.

மால்குடி என்ற பெயர் எங்கிருந்து வந்தது? பெங்களூரின் மல்லேஸ்வரம், பசவனகுடி ஆகிய இரு பகுதிகளின் பெயர்களும் கலந்து உருவானது என்று சிலர் விளக்குவர். திருச்சிக்கு அருகிலுள்ள லால்குடியை வேறு சிலர் சுட்டுவர். நாராயண் சொன்ன கதையிலோ, ஊர் பெயரோடுதான் வந்து நிற்கிறது. எப்படி வந்திருந்தாலும் தமிழ்க் காதுக்கு அது பழகிய ஒலியே. 'குடி' என்றால் மக்கள் வாழும் இடம். தூத்துக்குடி, காரைக்குடி, மன்னார்குடி என்று உண்மையான ஊர்கள் பல அவ்வாறு முடிகின்றன. ஜொகூர் மாநிலத்தில் உள்ள தம்போய், ஒரு காட்டுப் பழமரத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கற்பனை ஊருக்கும் இப்படிப்பட்ட நம்பத்தக்க ஒரு பெயர் வேண்டும்.

பெயர் மட்டும் போதாது. ஊரின் அமைப்பு படிப்பவரின் மனத்தில் பதிய வேண்டும். மால்குடியின் உயிர்நாடி சந்தைச் சாலை. அச்சகம், மிட்டாய்க் கடை, துணிக்கடை, வக்கீல்களின் அறைகள் எல்லாம் அதனை ஒட்டியே இருக்கின்றன. பழைய குடும்பங்கள் கபீர் தெருவில் வாழ்கின்றன. எல்லம்மன் தெரு ஆற்றை நோக்கியுள்ள கடைசித் தெரு. அதைத் தாண்டினால் சரயுவின் மணல். மாலை நேரத்தில் ஊரே அங்கேதான் காற்று வாங்கும். ஆற்றோரம் நல்லப்பா தோப்பு இருக்கிறது. மறுபக்கத்தில் லாலி விரிவாக்கப் பகுதி உள்ளது. நம் நாட்டில் தாமான் என்று சொல்வோமே, அது போன்ற புதுக் குடியிருப்பு அது. காவல்துறை அதிகாரிகளும் வசதி படைத்தவர்களும் அங்கே மதில் சுவர் வைத்த பெரிய வீடுகளில் வாழ்கிறார்கள். துப்புரவுத் தொழிலாளரின் குடிசைகளோ ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில் ஒதுங்கிக் கிடக்கின்றன. யார் எந்தத் தெருவில் வாழ்கிறார் என்பதைக் கொண்டே அவருடைய நிலையை அறிந்துகொள்ளலாம். இவ்வகையில் மால்குடி எந்த உண்மையான ஊருக்கும் குறைந்ததன்று.

இத்தனை இடங்களையும் நாராயண் ஒரே பக்கத்தில் அடுக்கி வைப்பதில்லை. தம்போயில் வளர்ந்த ஒருவரிடம் வழி கேட்டால், தம்போய் சாலையையும் 1930களில் கட்டப்பட்ட பெர்மாய் மருத்துவமனையையும் அடையாளமாகச் சொல்லுவார். அவை எப்போது கட்டப்பட்டன, ஏன் கட்டப்பட்டன என்று விளக்கத் தொடங்கமாட்டார். கேட்பவருக்கும் அவை தெரியும் என்பதுபோல் பேசிக்கொண்டே போவார். நாராயணின் முறையும் அதுவே. சுவாமிநாதன் பள்ளிக்கு ஓடுகிறான். வழியில் ஒரு தெருவின் பெயர் வருகிறது. மற்றொரு நாவலில் வேறொருவர் அதே தெருவில் குடியிருக்கிறார். நான்கைந்து நூல்களைப் படித்து முடிக்கும்போது, யாரும் கற்பிக்காமலேயே படிப்பவருக்கு ஊர் பழகிவிடுகிறது. ஜேம்ஸ் ஃபென்னலி என்ற அமெரிக்க அறிஞர், இக்குறிப்புகளை எல்லாம் ஒன்று திரட்டி மால்குடிக்கு ஒரு வரைபடமே தயாரித்தார்.

ஊர் நிர்வாகத்தைப் பற்றிய நுட்பமான செய்திகள் நாராயணுக்கு எங்கிருந்து கிடைத்தன? எழுத்தால் வருமானம் வராத தொடக்க காலத்தில், சென்னையிலிருந்து வெளிவந்த 'ஜஸ்டிஸ்' என்ற நாளேட்டுக்கு அவர் மைசூர் நிருபராக இருந்தார். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பி நீதிமன்றம், காவல் நிலையம், நகராண்மைக் கழகம் என்று சுற்றிச் செய்தி திரட்டுவார். அச்சில் வந்த செய்தியின் நீளத்தை அளந்துதான் ஊதியம் கொடுப்பார்கள். கூட்டம் ஒன்றில் உறுப்பினர்கள் எதற்காகச் சண்டையிடுவார்கள், ஒரு தீர்மானம் எவ்வாறு நிறைவேறும், வழக்குக்காக வந்தவர் எங்கே காத்திருப்பார் என்பனவற்றை அவர் அந்த நாள்களில் கண்ணாரக் கண்டார். பிற்காலத்திலும் மைசூர்த் தெருக்களில் நடந்து, கடைக்காரர்களோடும் வக்கீல்களோடும் பேசுவது அவருடைய அன்றாட வழக்கம். மால்குடியின் நகராண்மைக் கழகத்தை அவர் வெறும் கற்பனையில் படைத்திருக்க முடியாது.

அக்கழகத்தை நேருக்கு நேர் காட்டும் சிறுகதை 'லாலி சாலை'. மால்குடியின் வரலாற்றை அறிய விரும்புவோர் முதலில் படிக்க வேண்டிய கதையும் இதுவே.

இந்தியா விடுதலை பெறும் வரை, மால்குடியில் ஒரு நகராண்மைக் கழகம் இருப்பதே பலருக்குத் தெரியாது. குப்பையைக் காற்று கொண்டுபோகும். சாக்கடை தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். 1947 ஆகஸ்டு 15 வந்ததும் கழகத்துக்குத் திடீரென்று சுறுசுறுப்பு பிறந்தது. தெருக்கள் கூட்டப்பட்டன, எங்கும் கொடிகள் பறந்தன. ஆனால், தலைவருக்கு மனநிறைவு இல்லை. நாட்டுக்காக இன்னும் பெரிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று எண்ணினார். ஊரில் உள்ள வெள்ளையர் பெயர்களை எல்லாம் மாற்றுவது என்று முடிவாயிற்று.

முடிசூட்டுப் பூங்காவுக்கு முதலில் புதுப்பெயர் வந்தது. அடுத்தது தெருக்கள். மகாத்மா காந்தியின் பெயரைத் தத்தம் தெருவுக்கே வைக்க வேண்டும் என்று உறுப்பினர்கள் போட்டியிட்டனர். எவரையும் பகைத்துக்கொள்ள விரும்பாத கழகம், அதே பெயரை நான்கு தெருக்களுக்குச் சூட்டியது. சில நாள்களிலேயே ஊர் குழம்பிப்போனது. கடிதங்கள் வேறு வீடுகளுக்குச் சென்றன. தாம் எங்கே வாழ்கிறோம் என்பதை மக்களால் பிறருக்குச் சொல்ல முடியவில்லை. அடையாளங்கள் அனைத்தும் அழிந்துவிட்டன. நேற்று வரை தெரிந்த ஊர் இன்று காடாக மாறியதுபோல் ஆயிற்று.

அதன்பின் தலைவரின் பார்வை சர் ஃபிரடெரிக் லாலியின் சிலைமேல் விழுந்தது. அது லாலி விரிவாக்கப் பகுதியின் நுழைவாயிலில் பல்லாண்டுகளாக நின்ற பெரிய உலோகச் சிலை. லாலி இந்தியர்களைக் கொடுமைப்படுத்திய ஆட்சியாளர் என்று சிலர் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அத்தகையவனின் சிலை விடுதலை பெற்ற ஊரில் நிற்கலாமா? உடனே அகற்ற வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. அதற்கு ஆகும் செலவைக் கணக்கிட்டபோதுதான் கழகம் திகைத்தது. இறுதியில், சிலையைத் தாமே எடுத்துச் செல்ல ஒருவர் முன்வந்தார். கதையைச் சொல்பவரும் அவரே. ஊரில் நடப்பதை எல்லாம் பத்திரிகைக்கு எழுதும் வாயாடி மனிதர் அவர். வெடிமருந்து வைத்துப் பீடத்தைத் தகர்த்து, மாடுகளைப் பூட்டி இழுத்து, சிலையைத் தம் கபீர் சந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். வீட்டுக்குள் முழுச் சிலையும் நுழையவில்லை. தலையும் தோளும் முன்னறையில் கிடந்தன. எஞ்சிய உடல் சந்தில் நீட்டிக்கொண்டிருந்தது. போவோர் வருவோர் அதைத் தாண்டித்தான் செல்ல வேண்டியிருந்தது.

இச்செய்தி பத்திரிகையில் வந்ததும் நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. வரலாற்றை ஆராய்ந்தவர்கள் உண்மையை எடுத்துரைத்தனர். லாலி என்ற பெயரில் இருவர் இருந்திருக்கின்றனர். கொடுமை செய்தவர் வேறொருவர். அவர் முந்தைய காலத்தவர். சிலையாக நின்றவர் காட்டைத் திருத்தி மால்குடியை உருவாக்கியவர். சரயு வெள்ளத்தில் சிக்கிய கிராம மக்களைக் காப்பாற்ற முயன்று உயிர் துறந்தவர். ஊரை உண்டாக்கியவரின் சிலையையே ஊர் வெடிவைத்துப் பெயர்த்துவிட்டது! சிலையைத் திரும்ப நிறுத்தவோ கழகத்திடம் பணம் இல்லை, தேர்தலும் நெருங்கிவிட்டது. சந்தில் கிடக்கும் சிலையோடு சேர்த்து அந்த வீட்டையே வாங்கிவிடுவது என்று முடிவு செய்து, தலைவர் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். அதுவரை கபீர் சந்து என்று வழங்கிய இடம் லாலி சாலை என்ற புதுப்பெயர் பெற்றது.

படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால், கதையின் அடியில் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. ஓர் ஊரின் நினைவை வைத்திருப்பவர் யார்? பெயர்ப்பலகையை மாற்றும் அதிகாரம் கழகத்துக்கு உண்டு. அந்தப் பெயரின் பின்னால் இருந்த மனிதரைப் பற்றித் தேடி அறியும் பொறுமை அதற்கு இல்லை. தலைவரின் நாட்டுப்பற்றை நாராயண் பழிக்கவில்லை. அவருடைய அவசரத்தைத்தான் கேலி செய்கிறார்.

இக்கதைக்குப் பின்னணியாக அமைந்த உண்மை நிகழ்வுகளும் உண்டு. நாராயண் பிறந்த 1906ஆம் ஆண்டில் சென்னை மாகாண ஆளுநராகப் பொறுப்பேற்றவர் பெயர் சர் ஆர்தர் லாலி. கோயம்புத்தூரில் இன்றும் ஒரு சாலை லாலியின் பெயரால் அழைக்கப்படுகிறது. 1857 கிளர்ச்சியை ஒடுக்கியபோது கொடுமைகள் புரிந்த நீல் என்ற படைத்தலைவனின் சிலை, சென்னை மவுண்ட் சாலையில் நின்றது. அதனை அகற்றக் கோரி 1927இல் தொண்டர்கள் போராடிச் சிறை சென்றனர். பத்தாண்டுகளுக்குப் பின், இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது, 1937இல் அச்சிலை அங்கிருந்து எடுக்கப்பட்டு அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. அந்தப் போராட்டத்தில் ஆள் மாறாட்டம் ஏதுமில்லை. நீல் யாரென்று போராடியவர்கள் நன்கு அறிந்திருந்தனர். மலேசியாவிலும் விடுதலைக்குப் பின் பல சாலைகளின் பெயர்கள் மாறின. கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் சாலை என்றிருந்தது இன்று துன் சம்பந்தன் சாலையாக விளங்குகிறது. ஆனாலும், அந்த வட்டாரத்தை மக்கள் இன்னமும் பிரிக்பீல்ட்ஸ் என்றே அழைக்கின்றனர். ஒரு பெயர் எப்போது உண்மையில் மாறுகிறது என்பதைத் தெருவில் நடப்பவர்களே முடிவு செய்கிறார்கள் போலும்.

மால்குடியின் பொது வாழ்க்கை நகராண்மைக் கழகத்தோடு நின்றுவிடவில்லை. 1952இல் வெளிவந்த ஒரு நாவலில் மார்கய்யா என்பவர் வருகிறார். கூட்டுறவு நில அடமான வங்கியின் எதிரே ஓர் ஆலமரம். அதன் நிழலில் தகரப் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு அவர் அமர்ந்திருப்பார். பெட்டிக்குள் பேனா, மை, வங்கியின் விண்ணப்பப் பாரங்கள். வங்கியில் கடன் பெற வரும் குடியானவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உள்ளே செல்லவும் அச்சம். மார்கய்யா அவர்களுக்குப் பாரம் நிரப்பித் தந்து கூலி வாங்கிக்கொள்வார். வங்கி அவர்களுக்காகவே தொடங்கப்பட்டது. அவர்களோ மரத்தடி மனிதரைத்தான் நம்புகிறார்கள். கூட்டுறவு இயக்கத்தைப் பற்றிய நீண்ட கட்டுரை ஒன்று சொல்லக்கூடியதை இந்தத் தகரப் பெட்டி சொல்லிவிடுகிறது.

காந்தியடிகளும் மால்குடிக்கு வருகிறார். 1955இல் வந்த நாவலில் இக்காட்சி உள்ளது. நகராண்மைக் கழகத் தலைவர் தம் மாளிகையை அலங்கரித்து, அவரைத் தங்கவைக்க எல்லா ஏற்பாடுகளும் செய்கிறார். காந்தியடிகள் அங்கே வருகிறார். ஆனால் துப்புரவுத் தொழிலாளரின் குடிசைப் பகுதிக்குச் சென்று அங்கேயே தங்கிவிடுகிறார். ஊரின் பெரியவர்கள் அதுவரை எட்டிப் பார்த்திராத இடத்துக்கு அன்று ஊரே திரண்டு போகிறது. இந்த ஒரு நிகழ்ச்சியால், மேலே கண்ட ஊர் அமைப்பு தலைகீழாகிறது.

காலம் செல்லச் செல்ல மால்குடியும் மாறுகிறது. 'சுவாமியும் நண்பர்களும்' நாவலில், 1930ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் சரயுவின் கரையில் கூடி, தலைவர் ஒருவர் கைது செய்யப்பட்டதைக் கண்டிக்கிறார்கள். சுவாமிநாதன் தன் தொப்பியை நெருப்பில் எறிகிறான். மறுநாள் பள்ளிச் சன்னல்களின்மீது கல் வீசுகிறான். நாவல் எழுதப்பட்டபோது, சரியாகப் பதினேழு ஆண்டுகளுக்குப் பின் அதே ஆகஸ்டு 15இல் நாடு விடுதலை பெறும் என்பதை எவரும் அறிந்திருக்க இயலாது. 1958இல் வந்த 'வழிகாட்டி' நாவல், மால்குடிக்கு இரயில் வந்த நாளை நினைவுகூர்கிறது. நிலையத்தின் எதிரே கடை வைத்திருந்தவரின் மகன் ராஜு, வண்டியில் வந்து இறங்குவோருக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டியாகிறான். ஆற்றைப் பற்றியும் மலைக்குகைகளைப் பற்றியும் தனக்குத் தெரியாதவற்றைக்கூடத் தயங்காமல் சொல்கிறான். 1967இல் வந்த நாவலில், மிட்டாய்க் கடைக்காரரின் மகன் அமெரிக்காவிலிருந்து திரும்புகிறான். கதை எழுதும் இயந்திரம் ஒன்றைத் தயாரிக்கப்போவதாகத் தந்தையிடம் பணம் கேட்கிறான். இன்றைய மாணவர்கள் இதைப் படித்தால் அவ்வளவு வியப்படைய மாட்டார்கள்! 1976க்குள் குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரசாரமும் ஊருக்கு வந்துவிடுகிறது.

இத்தனை மாற்றங்களுக்கிடையே ஊரின் இயல்பு மட்டும் அப்படியே இருக்கிறது. யாருக்கும் பெரிய அவசரம் இல்லை. அச்சகத்துக்கு வருபவர்கள் வேலை இல்லாவிட்டாலும் அமர்ந்து பேசிவிட்டுத்தான் போவார்கள். கோயில் யானைக்கு உடல்நலம் கெட்டால் ஊர் முழுவதும் கவலைப்படும். ஒரு கதையில் தப்பி வந்த புலி ஒன்று பள்ளிக்குள் நுழைந்து தலைமையாசிரியரின் அறையில் படுத்துக்கொள்கிறது. அக்கதையைச் சொல்வதே புலிதான். மால்குடியில் நடக்கும் அதிசயங்கள்கூட அன்றாட நிகழ்ச்சிகளைப் போலவே சொல்லப்படுகின்றன.

இந்த அமைதியையே குறையாகக் கண்டவர்களும் உண்டு. உலகம் எப்படி இருக்கிறதோ அப்படியே ஏற்றுக்கொள்ளும் மனப்போக்கு நாராயணின் ஊரில் மிகுதி என்று எழுத்தாளர் வி. எஸ். நைப்பால் 1977இல் எழுதினார். அக்கருத்தில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும், மால்குடியில் துயரமே இல்லை என்று எவரும் கூற இயலாது. 1938இல் வந்த நாவலில், கணவனின் கொடுமை தாங்காமல் சாவித்திரி வீட்டை விட்டு வெளியேறுகிறாள்; போக வேறு வழியின்றித் திரும்பி வருகிறாள். 1939இல் நாராயணின் மனைவி ராஜம் நச்சுக் காய்ச்சலால் இறந்தார். அந்தப் பெரும் வேதனையிலிருந்து 1945இல் பிறந்த நாவலின் நாயகன் கிருஷ்ணன், மனைவியை இழந்தபின் கல்லூரி வேலையைத் துறந்து, விளையாட்டாகப் பாடம் கற்பிக்கும் சிறுவர் பள்ளி ஒன்றில் சேர்கிறான்.

பள்ளி என்பது நாராயணின் நெஞ்சுக்கு நெருக்கமான விடயம். 1986இல் அவர் இந்திய நாடாளுமன்றத்தின் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினரானார். அங்கே 1989இல் அவர் ஆற்றிய முதல் உரை, பெரிய அரசியலைப் பற்றியதன்று. பள்ளிப் பிள்ளைகள் சுமக்கும் புத்தகப் பைகளின் பாரத்தைப் பற்றியது. பையின் சுமையால் குழந்தைகள் முன்புறம் குனிந்து நடக்கிறார்கள் என்றும், அவர்களுக்கு விளையாடவும் சிந்திக்கவும் நேரமில்லை என்றும் எடுத்துரைத்தார். பின்னர் இந்திய அரசு இச்சிக்கலை ஆராயப் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் குழு அமைத்தது. எண்பது வயதைக் கடந்தும் அவர் சுவாமிநாதனை மறக்கவில்லை.

கற்பனை ஊர் புகழ் பெற்றுவிட்டால், அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் எழுகிறது. 'வழிகாட்டி' நாவல் 1965இல் இந்தித் திரைப்படமாக வந்தது. மைசூரைச் சுற்றியுள்ள இடங்களை நாராயண் படக்குழுவினருக்கு அழைத்துச் சென்று காட்டினார். அவர்களோ, பார்வைக்குப் பிரம்மாண்டமாக இருக்க வேண்டும் என்று எண்ணிப் படத்தை இராஜஸ்தானுக்குக் கொண்டுசென்றார்கள். சரயு பாயும் சிறிய ஊர், அரண்மனைகளின் நடுவே தொலைந்துபோனது. நாராயண் அதைக் கண்டு மிகவும் மனம் நொந்தார். அது பற்றிக் கிண்டலாக ஒரு கட்டுரையும் எழுதினார். இருபது ஆண்டுகளுக்குப் பின் நிலைமை மாறியது. 1986இல் சங்கர் நாக் இயக்கத்தில் 'மால்குடி நாள்கள்' தொலைக்காட்சித் தொடர் ஒளிபரப்பானது. நாராயணின் தம்பியும் புகழ்பெற்ற கேலிச்சித்திரக்காரருமான ஆர். கே. லக்ஷ்மணின் ஓவியங்கள் அதற்கு அழகு சேர்த்தன. கர்நாடகத்தின் அகும்பே என்னும் மழை மிகுந்த சிற்றூரே அத்தொடரில் மால்குடியாக மாறியது. இரயில் நிலையக் காட்சிகள் படமாக்கப்பட்ட அரசாளு என்ற சிறு நிலையத்தின் பழைய கட்டடம், பிற்காலத்தில் மால்குடி அருங்காட்சியகமாக ஆக்கப்பட்டது. இல்லாத ஊரின் நிலையத்தைப் பார்க்க மக்கள் இன்று உண்மையான ஊருக்குச் செல்கிறார்கள்.

இதே ஆசை உலகின் மறுகோடியிலும் எழுந்தது. கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ், மகோந்தோ என்ற கற்பனை ஊரை உருவாக்கினார். அவர் பிறந்த அரகடாகா என்ற ஊரின் பெயரோடு மகோந்தோவையும் சேர்க்கலாமா என்று 2006இல் அங்கே வாக்கெடுப்பு நடந்தது. போதுமான மக்கள் வாக்களிக்க வராததால் திட்டம் கைவிடப்பட்டது. மால்குடியின் நகராண்மைக் கழகத் தலைவர் இருந்திருந்தால், வாக்கெடுப்புக்குக் காத்திருக்கமாட்டார்.

நாராயண் 2001ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் சென்னையில் காலமானார். மைசூரின் யாதவகிரியில் அவர் கட்டிப் பல்லாண்டுகள் வாழ்ந்த வீடு, 2011இல் இடிக்கப்படத் தொடங்கியது. செய்தி பரவியதும் வாசகர்களும் எழுத்தாளர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர்; இடிப்பு வேலை நின்றது. பின்னர் மைசூர் மாநகராட்சி அவ்வீட்டை வாங்கிச் செப்பனிட்டு, 2016இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. 'லாலி சாலை' கதையில் ஒரு சிலைக்காகத் தலைவர் வீடு வாங்கினார். இங்கே அந்தக் கதையை எழுதியவரின் நினைவுக்காக ஒரு மாநகராட்சியே வீடு வாங்கியது.

அந்த வீட்டின் மாடியில் அவர் எழுதுவதற்கென்றே அமைத்த அறை ஒன்று உள்ளது. எல்லாத் திசையும் தெரியும்படி அதற்கு எட்டுச் சன்னல்களை வைத்தார். அங்கிருந்து பார்த்தால் சாமுண்டி மலையும் கோயிலும் தெரிந்தன. வெளியே ஒரு பூமரமும் நின்றது. எழுத அமர்ந்தபோது காட்சியின் அழகு அவருடைய கவனத்தைக் கலைத்தது. ஆகவே, சன்னலுக்குச் சாம்பல் நிறத் திரை ஒன்றைப் போட்டுவிட்டு, அதன் எதிரே அமர்ந்து மால்குடியை எழுதினார்.